மத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

முதல் மத்து ஆனி மாதத்திலேயே வெடித்தது.
கச்சான் பத்து நாளாகச் சன்னலைப் பிடித்து
உலுக்கிக்கொண்டிருந்தது.
கீழக்கரையில் அந்தக் காற்றுக்குத் தப்பியது எதுவுமில்லை,
கதவுச் சட்டம், உதடு, புதுச் செருப்பின் வார்.
காய்ந்து கிடந்த மூங்கிலை
கொதிக்கிற நீரில் அப்படியே இறக்கினேன்.
ஒரு சத்தம்.
அடுத்த வீட்டில் அப்பளம் ஒடிகிற மாதிரி
அவ்வளவு சின்னது.

நகோயாவில் பதினோரு வருடம்
ஏலத்துக்கு வரும் பழைய கார்களுக்கு எண் ஒட்டினேன்.
விசா முடிந்து கொண்டுவந்தது
முட்டி வலியும்
தகர டப்பாவில் மாட்சாத் தூளும்
அஸருக்குப் பின் அதைக் குடிக்காவிட்டால் வரும் எரிச்சலும்.

இரண்டாவது மத்தை
பெரியபட்டினத்து இத்ரீஸ் கொடுத்தனுப்பினான்,
புதுச் சட்டையின் காலருக்குள் பொதிந்து.
ஒரே கணு மூங்கில்.
அதைக் கீறிக் கீறி எண்பது இழை.
கழுத்தில் கறுப்பு நூல்,
காத்துக் கறுப்பு அண்டாமல் கட்டிவிட்டது போல.

"இதுக்கும் தண்ணியா?" என்றாள் ஜெஸீமா.
குடம் பதினைந்து ரூபாய்.
வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள்.
கிணற்று நீரில் நனைத்தால்
காய்ந்தபின் இழைதோறும் உப்புப் பூக்கும்.
ஆகவே குடிதண்ணீரில் ஒரு தம்ளர்,
கை பொறுக்கும் சூட்டில்,
மத்து தலைகீழாக.
இரண்டு நிமிடத்தில் சுருண்ட நுனிகள் நெகிழும்
நோன்பு திறந்தவன் முகம் மாதிரி.
பிறகுதான் தூள்.
ஊறிய தண்ணீரை ஜெஸீமா
கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடுவாள்.
கணக்கு நேர்.

கிண்ணத்தின் தரையைத் தொடக் கூடாது.
மணிக்கட்டு மட்டும் ஆட வேண்டும்.
தோளிலிருந்து இறங்கும் கோபம்
தயிருக்கு ஆகும், இதற்கு ஆகாது.
இதைக் கற்க எனக்கு ஐந்து இழை செலவு.
அதில் ஒன்றை விழுங்கியும் இருக்கிறேன்.

சோப்பு கூடாதென்று
சண்முகவள்ளியிடம் நான்தான் சொல்லவில்லை.
பாட்டில் கழுவும் பிரஷ் என்று எண்ணி
விம் போட்டுத் தேய்த்திருந்தாள்.
மூன்று நாள் தேநீரில் எலுமிச்சை வாசம்.

ஐப்பசியில் வாடை திரும்பியதும்
வெடிக்கும் பயம் போய்ப் பூஞ்சணப் பயம் வந்தது.
டப்பாவில் மூடினால் இரண்டே நாளில் பச்சை,
தேயிலையின் பச்சை இல்லை.
வெயிலும் வேண்டாம், விசிறிக்கு நேரேயும் வேண்டாம்,
நிழலில் தானாகக் காய வேண்டும்.
வளையல் அறுத்தது போக மிஞ்சிய
சங்கின் நுனி ஒன்று கிடைத்தது.
அதன் மேல் கவிழ்த்தேன்.
மத்து அதில் உட்கார்ந்துகொண்டது
அளவெடுத்துச் செய்ததைப் போல.

சித்திரைக் கடைசியில்
அண்ணன் கண் ஆபரேஷனுக்காக மதுரையில் பன்னிரண்டு நாள்.
சொட்டு மருந்து, வெயில், ஆஸ்பத்திரி இட்லி.
திரும்பும் பஸ் பரமக்குடி தாண்டிய பிறகுதான்
மத்தின் நினைவே வந்தது.
பன்னிரண்டு நாள் சொட்டு நீர் படாத மூங்கில்.
போயிருக்கும்.
இத்ரீஸிடம் எப்படி மறுபடி கேட்பது என்று
வாக்கியங்களை அடுக்கியபடியே வந்தேன்.

பையை இறக்காமல் சமையலறைக்குப் போனேன்.
சங்கின் மேல் மத்து.
தொட்டேன்.
விரலில் ஈரம்.
டப்பாவைத் திறந்தேன்.
தூள் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

"பாசி வாடை அடிக்குது, மனுசன் குடிப்பானா இத" என்று
நான் ஊருக்கு வந்த நாளிலிருந்து சொன்னவள்
முதுகைக் காட்டி நகரை மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

இழைகளை எண்ணினேன்.
எழுபத்தைந்து இருக்க வேண்டும்.
எழுபத்து மூன்று.

"அடியில அழுத்தக் கூடாது" என்றேன்
பொதுவாக, சுவரைப் பார்த்து.
"யாரு அழுத்துனா?"

தெருமுனையில் தண்ணி வண்டியின் ஹாரன்.
கையைத் துடைத்துக்கொண்டு
இரண்டு குடத்தோடு அவள் இறங்கினாள்.
மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டேன்.